சாவி திருப்பினால் 'டக்' மட்டும்: ஸ்கிட் ஸ்டீர் லோடரில் வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

ஸ்கிட் ஸ்டீர் என்பது முன்னால் பக்கெட் உள்ள, மண் அள்ளும் குட்டி வண்டி. அதன் சீட்டில் உட்கார்ந்து, மடிக்கு மேல் வரும் பாதுகாப்பு பாரை இறக்கி, சாவியைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு 'டக்'. அதோடு சரி. மீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நல்லா இருக்கு, அப்போ எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார்தான் (ஸ்டார்ட்டர்) போச்சு என்று முடிவுகட்டி மோட்டாரைக் கழற்றுவார்கள். புது மோட்டார் மாட்டினாலும் அதே 'டக்'. அடுத்து புது பேட்டரி. அப்போதும் 'டக்'. கடைசியில் பார்த்தால் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையின் லக்குக்கு (முனையில் போல்ட் போடும் உலோக வளையத்துக்கு) அடியில் துரு ஏறியிருக்கும்.

இப்படி வீணாகும் காசு பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம் பிடிபடாததால் வருவது: வோல்டேஜ் டிராப், அதாவது மின்னழுத்த வீழ்ச்சி. கிளம்பும் இடத்தில் இருந்த வோல்டேஜ் போய்ச் சேரும் இடத்தில் ஏன் இல்லை, வழியில் எங்கே கழிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் ஸ்டார்ட்டிங் கோளாறு பார்ப்பதில் பாதி வேலை. அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் அதை எப்போது வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

தடித்த வழி, மெல்லிய வழி

ஒயரிங் படத்தைப் பார்த்தால் முதலில் மிரட்சியாகத்தான் இருக்கும். ஸ்டார்ட்டிங் வேலைக்கு மட்டும் என்று பிரித்துப் பார்த்தால் இரண்டே வழிகள்.

தடித்த வழியில் ஓடுவது மோட்டாரைச் சுழற்றும் கரண்ட். பேட்டரி பாசிட்டிவில் கிளம்பி, கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதைத் தாண்டி, விரல் தடிமன் கேபிள் வழியாக ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கு வரும். அங்கே சோலினாய்டு என்னும் மின்காந்த சுவிட்சுக்குள் இருக்கும் செம்பு கான்டாக்ட் மூடினால் மோட்டாருக்குள் போகும். பலர் மறப்பது அதற்குப் பிறகு உள்ள பாதியை. மோட்டாரின் உடம்பு, எஞ்சின் பிளாக், எர்த் பட்டை, சேஸிஸ், நெகட்டிவ் கேபிள் என்று அத்தனை கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 12 வோல்ட் சிறிய டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது இந்த வழியில் 200, 300 ஆம்பியர் வரை ஓடுவது சாதாரணம். மோட்டார் அசையத் தொடங்கும் முதல் நொடியில் அதற்கும் மேலே போகும்.

மெல்லிய வழியில் போவது உத்தரவு. சாவி, ஃபியூஸ், பாதுகாப்பு சுவிட்சுகள், ஸ்டார்ட்டர் ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்), கடைசியில் சோலினாய்டின் சின்ன முனை. பல ஸ்டார்ட்டர்களில் அந்த முனைக்கு 50 என்ற எண் பொறித்திருக்கும். பேட்டரி வந்து சேரும் பெரிய போல்ட்டுக்கு 30. உத்தரவு வந்ததும் சோலினாய்டு இரண்டு வேலை செய்கிறது: பினியன் என்னும் சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் ஃபிளைவீல் பல்லில் கோர்க்கிறது, பிறகு பெரிய கான்டாக்ட்டை மூடுகிறது. இந்த இழுப்புக்கே முதல் கணத்தில் பத்துக் கணக்கான ஆம்பியர் வேண்டும். சாவி சுவிட்சில் அவ்வளவு கரண்ட்டை ஓட்டினால் அதன் முனைகள் சீக்கிரமே கரியும். அதனால்தான் நடுவில் ரிலே.

ஸ்கிட் ஸ்டீரில் இந்த மெல்லிய வழி, ஒரு சாதாரண டிராக்டரில் இருப்பதைவிட நெடுக நீளும். காரணம் வண்டியின் வடிவம். இதில் ஓட்டுநர் முன்பக்கமாக, பக்கெட்டைத் தாண்டி, இரண்டு தூக்குக் கைகளுக்கு நடுவே ஏறுகிறார். ஏறும்போது கால் ஒரு லிவரில் பட்டு, அந்நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கை இறங்கி ஆளையே நசுக்கும். அதற்காகவே சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச், மடியில் இறக்கும் பாரில் ஒரு சென்சார், சில மாடல்களில் முன்கதவிலும் பார்க்கிங் பிரேக்கிலும் தனித்தனி சுவிட்ச். இவற்றில் எது ஸ்டார்ட்டரையே தடுக்கும், எது ஹைட்ராலிக்கை மட்டும் தடுக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் துணை ஹைட்ராலிக் ஆனில் இருந்தாலே ஸ்டார்ட் ஆகாது. புதிய வண்டிகளில் இந்த சிக்னல்கள் எல்லாம் ஒரு கன்ட்ரோலருக்குப் போய், அதுதான் ரிலேவை இயக்குகிறது. திரையில் ஏதாவது எரர் கோடு எண் வந்திருந்தால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காது சொல்வது

எந்த வழியில் கோளாறு என்பதை முக்கால்வாசி சத்தமே சொல்லிவிடும்.

சாவி திருப்பியும் எந்தச் சத்தமும் இல்லை, ஆனால் மீட்டர் போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் உத்தரவு போய்ச் சேரவில்லை. மெல்லிய வழியைப் பாருங்கள். விளக்குகளே எரியவில்லை என்றால் பேட்டரி, கட்-ஆஃப் சுவிட்ச், மெயின் ஃபியூஸ்.

ஒரே ஒரு கனமான 'டக்' வந்து அமைதியாகிவிட்டால், சோலினாய்டு இழுத்துவிட்டது, பெரிய கரண்ட் மோட்டாருக்குப் போதவில்லை. தடித்த வழி, சோலினாய்டு கான்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் எல்லாமே சந்தேகப் பட்டியலில். மிக அரிதாக, எஞ்சினோ ஹைட்ராலிக் பம்ப்போ இறுகியிருக்கலாம்.

'டடடடட' என்று மிஷின் கன் மாதிரி அடித்தால் நடப்பது இது: சோலினாய்டு மூடுகிறது, மோட்டார் கரண்ட்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரேலென்று விழுகிறது, சோலினாய்டைப் பிடித்துவைக்கும் காயிலுக்குத் தெம்பு போதாமல் அது விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் திரும்ப ஏறுகிறது, மறுபடி மூடுகிறது. இப்படி நொடிக்குப் பல தடவை. பெரும்பாலும் பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினல் லூஸ். பேட்டரியும் கேபிளும் சுத்தமாக இருந்தும் இப்படி அடித்தால் சோலினாய்டுக்குள் அந்தப் பிடிப்புக் காயிலே அறுந்திருக்க வாய்ப்புண்டு.

மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுழன்று எஞ்சின் அசையாவிட்டால் அது மின்கோளாறே இல்லை. பினியன் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ஃபிளைவீல் ரிங்கில் பல் போயிருக்கிறது.

ஓய்வில் மீட்டர் ஏன் பொய் சொல்கிறது

தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான்.

ஒரு கேபிள் முனையில் களிம்பு ஏறி 0.01 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு. சாவி ஆஃப். இப்போது ஸ்டார்ட்டர் போல்ட்டில் மீட்டர் வைத்தால் அந்தக் களிம்பு வழியாக ஓடுவது மீட்டர் எடுக்கும் கரண்ட் மட்டும்தான். அது ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை 0.01-ஆல் பெருக்கினால் கணக்கில் எடுக்க ஒன்றுமே இல்லை. மீட்டர் 12.6 காட்டும். களிம்பு இருந்த சுவடே தெரியாது.

சாவியைத் திருப்புங்கள். இப்போது 200 ஆம்பியர். 200 பெருக்கல் 0.01 என்றால் 2 வோல்ட். அந்த ஒரு முனையிலேயே 2 வோல்ட் கழிந்துவிட்டது. அதோடு 2 வோல்ட்டும் 200 ஆம்பியரும் சேர்ந்து 400 வாட் வெப்பமாக அங்கேயே எரிகிறது. சில நொடிகள் சுழற்றிவிட்டு லக்கைத் தொட்டால் சுடுவதும், சில வண்டிகளில் டெர்மினலைச் சுற்றி ரப்பர் உறை உருகியிருப்பதும் இதனால்தான்.

ஓம் மீட்டரில் பார்த்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அதற்குள் 0.01-ஐத் தேடுவது மூட்டை எடை போடும் தராசில் மோதிரத்தை நிறுப்பது போல. உள்ளே இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிச்சமிருக்கும் கேபிள்கூட பஸ்ஸர் சோதனையில் 'பீப்' என்று பாஸாகிவிடும். கரண்ட் ஓடும்போது அளந்தால் மட்டுமே உண்மை வெளிவரும்.

அளக்கும் முறை

தூக்குக் கைகள் முழுவதும் கீழே, பக்கெட் தரையில். கை மேலே தூக்கிய நிலையில் மாட்டிக்கொண்டால், அதைத் தாங்கும் லாக்கைப் போட்ட பிறகே யாரும் அடியில் போக வேண்டும். சக்கரத்துக்கு அடைகல் வையுங்கள். பிறகு டீசல் கட்-ஆஃப் சோலினாய்டின் (எஞ்சினுக்கு டீசலைத் திறந்து மூடுவது) கனெக்டரைக் கழற்றிவையுங்கள். எஞ்சின் சுழலும், பிடிக்காது. சாவி திருப்ப ஒருவர் சீட்டில் உட்கார வேண்டும், மீட்டர் பிடிப்பவர் பின்னால். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் 3 முதல் 5 நொடி சுழற்றினால் போதும். தொடர்ந்து 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையே ஒரு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

முதல் அளவு பேட்டரியில். மீட்டர் முனைகளைக் கிளாம்ப்பில் (கேபிளைப் பேட்டரியோடு கவ்வும் பிடியில்) வைக்காமல் நேராக ஈயத் தூணிலேயே குத்திப் பிடியுங்கள். கிளாம்ப்புக்கும் தூணுக்கும் நடுவில்தான் பாதிக் கோளாறு ஒளிந்திருக்கும். கிளாம்ப்பில் வைத்தால் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். ஓய்வில் 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12.0-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். அரைகுறை பேட்டரியை வைத்துக்கொண்டு அடுத்த அளவுகளை எடுப்பதில் பயனில்லை. இப்போது சுழற்றச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சந்தேகத்துக்குரியது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. எண் 12.5-ஐ விட்டு நகரவே இல்லையென்றால் அதுவும் ஒரு துப்புதான்: பெரிய கரண்ட் ஓடவே இல்லை, வழி எங்கோ அறுந்து நிற்கிறது.

இரண்டாவது, பாசிட்டிவ் பக்கம். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தூணில், கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில். பழக்கமில்லாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், இரண்டுமே பாசிட்டிவ்தானே! ஆமாம், நாம் பார்ப்பது அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஓய்வில் 0. சுழலும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: கட்-ஆஃப் சுவிட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, அந்த இணைப்புதான் திருடன்.

மூன்றாவது, நெகட்டிவ் பக்கம். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், மற்றது ஸ்டார்ட்டர் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். 0.3-க்குள் இருக்க வேண்டும். ஸ்கிட் ஸ்டீரில் இந்தப் பக்கத்துக்குத்தான் என் ஓட்டு. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருப்பது ஒரு பின்னல் பட்டையோ கேபிளோதான். ஓயாத அதிர்வு, சேறு, தண்ணீர் எல்லாம் அதன் தலையில். அது அறுந்துபோனால் கரண்ட் வேறு வழி தேடும்: ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹோஸுக்குள் இருக்கும் கம்பிப் பின்னல். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாவதை யாராவது சொன்னால் நேராக எர்த் பட்டையிடம் போய்விடலாம். வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த வண்டிகளில் லக்குக்கு அடியில் பெயின்ட் மாட்டிக்கொள்வதும் சகஜம்.

நான்காவது, சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே: ஒன்று பேட்டரி கேபிள் வருவது, மற்றது மோட்டாருக்குப் போவது. மோட்டார் சுழலும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். 'டக்' கேட்டும் மோட்டார் அசையாமல், இந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 12 வோல்ட் காட்டினால் உள்ளே கான்டாக்ட் கரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றை நன்றாக மனதில் பதிய வையுங்கள்: கரண்ட் ஓடினால் வோல்டேஜ் தடை உள்ள இடங்களில் எல்லாம் பங்கு போட்டு விழும், வழி முழுதாக அறுந்திருந்தால் அறுந்த அந்த ஒரே இடத்தில் மொத்தமும் தெரியும், மற்ற இடங்களில் எல்லாம் 0.

கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம். சுழலும்போது பேட்டரியில் 10.6, மோட்டார் போல்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவே 7.9 என்றால் வழியில் தொலைந்தது 2.7. பாசிட்டிவ் பக்கம் 0.3, சோலினாய்டில் 0.2, நெகட்டிவில் 2.2 கிடைத்தால் கணக்கு நேர். புது மோட்டார் வாங்க வேண்டியதில்லை. எங்குமே வோல்டேஜ் தொலையாமல், மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்கு மேல் நேராகப் போயும் அது திணறினால் அப்போது மோட்டாரைக் கழற்றுங்கள்.

சரிசெய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இணையும் இரண்டு முகங்களையும் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். லக் கேபிளில் அமுங்கிய இடத்தில் பச்சை பூத்திருந்தால் வெளியே சுரண்டிப் பிரயோஜனமில்லை. களிம்பு உறைக்கு உள்ளேயும் ஏறியிருக்கும். கேபிளையே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அதே அளவை மறுபடி எடுங்கள்.

உத்தரவு போகாதபோது

சத்தமே இல்லாத வண்டியில் முதலில் சோலினாய்டின் சின்ன முனையைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா? வந்தும் 'டக்' இல்லையென்றால் சோலினாய்டோ அதன் எர்த்தோ. வரவில்லையென்றால் பாதியில் போய் நில்லுங்கள். அந்தப் பாதிதான் ரிலே.

ரிலேயின் காலில் 85, 86 என்பவை காயில், 30 உள்ளே வரும் பேட்டரி வோல்டேஜ், 87 வெளியே போவது. சாவி திருப்பும்போது 86-க்கும் 85-க்கும் நடுவே 12 வோல்ட் வந்தால் சாவி, ஃபியூஸ், சுவிட்சுகள் எல்லாம் தேறிவிட்டன. குற்றம் ரிலேயில் அல்லது அதற்குப் பிறகு. வராவிட்டால் அதற்கு முன்னால். ஒரு அளவில் பாதி ஒயரிங் கழிந்துவிடும். அதே வகை ரிலே ஹாரனுக்கோ லைட்டுக்கோ இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

இங்கேயும் மீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும். அதனால் சந்தேகப்படும் ஒயரில் 21 வாட் பல்பு ஒன்றைக் கோர்த்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால் ஒயர் நோஞ்சான். கன்ட்ரோலருக்குப் போகும் சிக்னல் ஒயர்களில் மட்டும் இந்தப் பல்பு வேலை வேண்டாம், கன்ட்ரோலர் கெட்டுவிடும்.

ஒயர் எங்கே உடையும்? கேபின் மேலே கவிழும் கீல் அருகே ஹார்னெஸ் (ஒயர்க் கட்டு) மடங்கி மடங்கி நிமிரும் இடம், சீட்டுக்கு அடியில் சுவிட்ச் ஒயர், பிரஷர் வாஷ் தண்ணீர் புகுந்த கனெக்டர், நிறுத்திவைத்த வண்டியில் எலி. சாவியைத் திருப்பிப் பிடித்தபடி ஹார்னெஸை ஆட்டுங்கள், சீட்டில் அழுந்தி உட்காருங்கள், பாரை மேலும் கீழும் அசையுங்கள். ஏதாவது ஒரு நிலையில் 'டக்' என்றால் பிடித்துவிட்டீர்கள். பழுதான சீட் சுவிட்சைக் கண்டுபிடிக்க ஒயரால் ஒரு நிமிடம் இணைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் தப்பு. அந்த சுவிட்ச் எதற்காக இருக்கிறது என்று மேலே பார்த்தோம். சோலினாய்டு போல்ட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கமும் இதே கதைதான்: சீட் காலி, பாதுகாப்பு எதுவும் இல்லை, ஆள் நிற்பதோ சக்கரத்துக்குப் பக்கத்தில்.

வேறு எதுவும் சரிவராவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம் என்ற யோசனையும் இங்கே செல்லாது. சக்கரத்தை ஓட்டுவது ஹைட்ராலிக் மோட்டார்; சக்கரத்தை உருட்டி எஞ்சினைச் சுழற்ற நேரான இணைப்பு எதுவும் கிடையாது. வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் போடுவதென்றால் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவ் கிளிப்பைக் கடைசியாக, பேட்டரியை விட்டுத் தள்ளி எஞ்சின் உலோகத்தில். 24 வோல்ட் லாரியிலிருந்து எடுக்கவே கூடாது.

சுழல்கிறது, பிடிக்கவில்லை

செல்ஃப் நன்றாக அடித்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் மின்பக்கம் பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று டீசல் கட்-ஆஃப் சோலினாய்டு. பல வண்டிகளில் அதற்குள் இழுக்க ஒரு காயில், பிடித்துவைக்க ஒரு காயில். இழுப்புக் காயில் ஓரிரு நொடிக்குத்தான். லிங்க் இறுகியோ டைமர் கெட்டோ அது தொடர்ந்து ஆனில் நின்றால் கரிந்துவிடும். மற்றொன்று க்ளோ பிளக், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றும் பிளக். நல்ல பிளக் குளிர்ந்த நிலையில் ஒன்று, இரண்டு ஓமுக்குள் காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. குளிர் நாளில் மட்டும் முரண்டு பிடிக்கும் எஞ்சினுக்கு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அளவெல்லாம் சரி, எர்த் பட்டையும் மாற்றியாகிவிட்டது, செல்ஃப் புதுசு போல அடிக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? சோதனை தொடங்கும்போது கழற்றிவைத்த அந்த டீசல் கட்-ஆஃப் கனெக்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை மாட்டுங்கள்.